பட்டியல் விட்ஜெட்டிலிருந்து தரவைச் சரியாகப் படிக்கும் முறை

பயனர் பட்டியலில் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்துப் பக்கத்தில் உள்ள பொத்தானை அழுத்துகிறார்; நிரல் அந்த வரிக்கு உரிய வேலையைச் செய்ய வேண்டும். சாளரமும் பொத்தானும் உள்ள எந்த மேசைக்கணினி நிரலிலும் இது அன்றாடத் தேவைதான். எழுத வேண்டியதும் இரண்டு மூன்று வரிகள்தான். ஆனால் அந்த இரண்டு மூன்று வரிகளுக்குள் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன: பயனர் தேர்ந்தெடுத்தது எந்த வரி, அதை நிரல் எந்தக் கணத்தில் கேட்கிறது, அந்த வரியின் பின்னால் உள்ள உண்மையான தரவு எது. இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளும் நிரல் சோதனையின்போது ஒழுங்காக ஓடும்; பயனரின் கைக்குப் போன பிறகு தவறான வரியைத் திறக்கும், அல்லது தவறான கோப்பை நீக்கும்.

விளக்கத்திற்கு ஒரு சிறிய நிரலை எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு பட்டியல் பெட்டி இருக்கிறது; சாளரத்தில் வைக்கும் இதுபோன்ற உறுப்புகளுக்கு விட்ஜெட் என்று பெயர். பல கோப்புறைகளிலிருந்து திரட்டிய கோப்புகளின் பெயர்கள் அதில் வரிவரியாகத் தெரிகின்றன. கீழே ‘திற’, ‘நீக்கு’ என்று இரண்டு பொத்தான்கள். சாளர நிரல்கள் எழுதுவதற்கான கருவிப் பெட்டிகளில், பைத்தான் மொழியுடன் வரும் டிகின்டரை முதலில் பார்த்துவிட்டு, அதே கேள்விகளுக்குக் க்யூட்டி, விண்டோஸ் ஃபார்ம்ஸ், ஜாவா ஸ்விங் ஆகியவை என்ன விடை வைத்திருக்கின்றன என்று பார்க்கலாம். செயற்கூறுகளின் (ஃபங்ஷன்களின்) பெயர்களை ஒலிப்பு வடிவில் தந்திருக்கிறேன்.

எந்த வரி?

டிகின்டரில் பட்டியல் பெட்டிக்கு லிஸ்ட்பாக்ஸ் என்று பெயர். அதில் தேர்வைக் கேட்பதற்கு உரிய செயற்கூறு ‘கர்செலெக்‌ஷன்’. இது தேர்ந்தெடுக்கப்பட்ட வரியின் உரையைத் தருவதில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட வரிகளின் வரிசை எண்கள் அடங்கிய ஒரு டியூப்பிளை (மாற்ற முடியாத பட்டியல் போன்ற தொகுப்பை) தருகிறது. முதல் வரியின் எண் 0. ஒரே ஒரு வரியைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்று பெட்டியை அமைத்திருந்தாலும் விடை டியூப்பிளாகவே வரும். எதுவும் தேர்வாகவில்லை என்றால் வெற்று டியூப்பிள் வரும். ஆகவே முதல் உறுப்பை எடுப்பதற்கு முன்பு டியூப்பிள் வெற்றா என்று பார்ப்பது கட்டாயம். அதைப் பார்க்காமல் நேரடியாகப் பூஜ்யமாவது உறுப்பைக் கேட்டால், பயனர் எதையும் தேர்ந்தெடுக்காமல் ‘திற’ பொத்தானை அழுத்தும்போது, டியூப்பிளின் எல்லைக்கு வெளியே எண் போய்விட்டது என்ற பிழைச் செய்தியுடன் அந்தச் செயற்கூறு நின்றுவிடும். நிரல் மூடிக்கொள்ளாது, பொத்தான் வேலை செய்யவில்லை என்று மட்டும் பயனருக்குத் தோன்றும். முனையத்தைத் திறந்து வைத்திராத பயனருக்கு அந்தப் பிழைச் செய்தி கண்ணிலேயே படாது.

எண் கிடைத்த பிறகு ‘கெட்’ என்ற செயற்கூறுக்கு அந்த எண்ணைக் கொடுத்தால் வரியின் உரை கிடைக்கும். தொடக்க எண், முடிவு எண் என்று இரண்டைக் கொடுத்தால் அந்த இடைவெளியில் உள்ள எல்லா உரைகளும் ஒரு டியூப்பிளாகக் கிடைக்கும். பைத்தானின் துண்டாக்கும் வழக்கத்திற்கு மாறாக இங்கே முடிவு எண்ணும் சேர்த்துக்கொள்ளப்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பெட்டியில் உள்ள அனைத்தையும் பெற 0 முதல் ‘எண்ட்’ வரை என்று கேட்டால் போதும். வரிகளின் எண்ணிக்கை மட்டும் வேண்டுமானால் ‘சைஸ்’ இருக்கிறது. எல்லைக்கு வெளியே உள்ள ஓர் எண்ணைக் கொடுத்து ‘கெட்’டை அழைத்தால் பிழை எழாது, வெற்றுச் சரம் வரும். இது வசதிபோலத் தோன்றினாலும், தவறான எண்ணைக் கண்டுபிடிக்கவிடாமல் மறைக்கும் வசதி.

பயிற்சிப் பாடங்கள் பலவற்றில் இதைவிடச் சுருக்கமான ஒரு வழியைக் காணலாம். ‘கெட்’டுக்கு எண்ணுக்குப் பதிலாக ‘ஆக்டிவ்’ என்ற சொல்லைக் கொடுத்தால் ஒரே வரியில் உரை கிடைத்துவிடுகிறது. இந்த வழியைத் தவிர்த்துவிடுங்கள். ‘ஆக்டிவ்’ என்பது தேர்ந்தெடுத்த வரி அல்ல, விசைப்பலகையின் சுட்டி நிற்கும் வரி. எதுவும் தேர்வாகாத நிலையிலும் அது முதல் வரியைச் சுட்டிக்கொண்டுதான் இருக்கும். பயனர் எதையும் தொடாமல் ‘நீக்கு’ பொத்தானை அழுத்தினால் முதல் கோப்பு போய்விடும். இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு: சுட்டெலியை அழுத்தும்போது தேர்வு மாறிவிடுகிறது, ஆனால் ‘ஆக்டிவ்’ வரி மாறுவது பொத்தானை விடுவிக்கும்போதுதான். தேர்வு மாறிய நிகழ்வுக்குள்ளேயே ‘ஆக்டிவ்’ என்று கேட்டால், பயனர் இப்போது அழுத்திய வரிக்குப் பதிலாக அதற்கு முன்பு அழுத்திய வரி வந்து நிற்கும்.

எந்தக் கணத்தில்?

பொத்தானை அழுத்தியதும் தேர்வைப் படிப்பது எளிது, ஏனெனில் அதற்குள் தேர்வு முடிந்துவிட்டது. வரியைத் தொட்டதுமே வலப்பக்கத்தில் கோப்பின் விவரம் தெரிய வேண்டும் என்னும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. பழகிய கை உடனே சுட்டெலியின் இடது பொத்தான் நிகழ்வோடு ஒரு செயற்கூறைக் கட்டிவிடும், அதாவது அந்த நிகழ்வு நேரும்போதெல்லாம் ஓடும்படி இணைத்துவிடும். ஓடவிட்டுப் பார்த்தால் நிரல் எப்போதும் ஒரு கிளிக் பின்தங்கியே இருக்கும்: முதல் முறை அழுத்தினால் தேர்வு வெற்று என்று வரும், இரண்டாவது வரியை அழுத்தினால் முதல் வரியின் விவரம் வரும்.

காரணம், டிகின்டரின் அடியில் இயங்கும் டிகே நிகழ்வுகளை வழங்கும் வரிசையில் இருக்கிறது. ஒரு நிகழ்வு முதலில் அந்தக் குறிப்பிட்ட விட்ஜெட்டுடன் நாம் கட்டிய செயற்கூறுக்குப் போகிறது. அதன் பிறகே லிஸ்ட்பாக்ஸ் என்ற வகைக்கே உரிய பொதுவான செயற்கூறுக்குப் போகிறது. அதைத் தொடர்ந்து சாளரம், கடைசியாக எல்லாவற்றுக்கும் பொதுவானது. வரியைத் தேர்ந்தெடுத்து நிறம் மாற்றும் வேலையைச் செய்வது இரண்டாவதாக வரும் வகைச் செயற்கூறு. நம்முடையது அதற்கு முன்பே ஓடிவிடுவதால் அது பழைய தேர்வைத்தான் பார்க்கும். காத்திருந்து படிக்கும் தந்திரங்கள் பல உண்டு. ஆனால் இதற்கென்றே ‘லிஸ்ட்பாக்ஸ்செலெக்ட்’ என்ற மெய்நிகர் நிகழ்வு (சுட்டெலியோ விசையோ நேரடியாக எழுப்பாமல் விட்ஜெட்டே எழுப்புவது) இருக்கும்போது, இரட்டைக் கோண அடைப்புக்குள் எழுத வேண்டிய அந்தப் பெயருடன் கட்டுவதே சரியான வழி. அது தேர்வு மாறிய பிறகு எழுகிறது. அம்பு விசைகளால் மேலும் கீழும் நகர்ந்தாலும் எழுகிறது. இடது பொத்தானோடு கட்டிய செயற்கூறுக்கு விசைப்பலகையால் நடக்கும் மாற்றம் தெரியவே தெரியாது.

இந்த நிகழ்வு பயனரின் செயலால் மட்டுமே எழும். நிரலே ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து வைத்தால் எழாது. நிரல் தொடங்கும்போது முதல் வரியைத் தேர்ந்தெடுத்து வைத்து, அதன் விவரமும் தெரிய வேண்டும் என்றால், விவரத்தைக் காட்டும் செயற்கூறை நீங்களே ஒருமுறை அழைக்க வேண்டும்.

அடுத்தது, டிகின்டரில் எழுதும் ஏறக்குறைய எல்லோரையும் ஒருமுறையாவது குழப்பும் நடத்தை. பெட்டியில் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்த பின், பக்கத்தில் உள்ள உரைப்பெட்டியில் ஏதேனும் எழுத்துகளைத் தேர்ந்தெடுத்தால், லிஸ்ட்பாக்ஸில் இருந்த தேர்வு மறைந்துபோகும். இரண்டு லிஸ்ட்பாக்ஸ்கள் இருந்தால், ஒன்றில் தேர்ந்தெடுத்ததும் மற்றொன்றின் தேர்வு கலைந்துவிடும். தேர்வு கலைந்த செய்தியாக ‘லிஸ்ட்பாக்ஸ்செலெக்ட்’ நிகழ்வும் வந்து சேரலாம். அப்போது ‘கர்செலெக்‌ஷன்’ வெற்று. முன்பு சொன்ன சரிபார்ப்பு இல்லாத நிரல் இந்த இடத்தில் விழும், அதுவும் பயனர் லிஸ்ட்பாக்ஸைத் தொடாத நேரத்தில் விழும் என்பதால் காரணம் பிடிபடாமல் அலைய நேரும்.

டிகே பிறந்தது யூனிக்ஸின் எக்ஸ் விண்டோ சூழலில். அங்கே ஓரிடத்தில் எதையேனும் தேர்ந்தெடுத்தால் அதுவே நகலுக்கு உரியதாகிவிடும், முந்தைய தேர்வு விலகும் என்பது வழக்கம். அந்த வழக்கத்தைப் பின்பற்றி லிஸ்ட்பாக்ஸும் தன் தேர்வை வெளியே அறிவிக்கிறது, பிறர் அறிவித்தால் தன்னுடையதைக் கைவிடுகிறது. இதைக் கட்டுப்படுத்தும் அமைப்பின் பெயர் ‘எக்ஸ்போர்ட்செலெக்‌ஷன்’. இயல்பாகவே அது இயங்கும் நிலையில் இருக்கிறது. பெட்டியை உருவாக்கும்போதே அதை ‘ஃபால்ஸ்’ என்று வைத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது. படிவம்போல அமைந்த எந்தச் சாளரத்திலும் இதை யோசிக்காமல் அணைத்து வைக்கலாம் என்பது என் கருத்து.

இரட்டைக் கிளிக்கைப் பொறுத்தவரை நேரச் சிக்கல் இல்லை. முதல் கிளிக்கிலேயே தேர்வு நடந்துவிடுவதால் இரண்டாவதில் படிப்பது சரியாகவே வரும். ஆனால் இடச் சிக்கல் உண்டு. பெட்டியில் வரிகள் குறைவாக இருந்து கீழே வெற்றிடம் இருந்தால், அந்த வெற்றிடத்தில் கிளிக் செய்தாலும் டிகே அருகில் உள்ள வரியை, அதாவது கடைசி வரியை, தேர்ந்தெடுத்துவிடுகிறது. இரட்டைக் கிளிக்கில் கோப்பு திறந்தால் பெரிய நட்டமில்லை. நீக்கும் வேலை என்றால், ‘பிபாக்ஸ்’ செயற்கூறால் அந்த வரியின் இருப்பிடத்தையும் உயரத்தையும் வாங்கி, கிளிக் விழுந்த இடம் அதற்குள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே மேலே செல்ல வேண்டும்.

உரை வேறு, தரவு வேறு

மூன்றாவது கேள்விதான் மூன்றிலும் கனமானது. நம் நிரலில் வெவ்வேறு கோப்புறைகளில் ‘குறிப்பு’ என்ற ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பெட்டியில் பெயர் மட்டுமே தெரிகிறது, முழுப்பாதை தெரிவதில்லை. ‘கெட்’ தரும் உரையை வைத்துக்கொண்டு எந்தக் கோப்பு என்று தேடினால், தேடல் முதலில் அகப்படும் கோப்பில் நின்றுவிடும். பயனர் இரண்டாவது ‘குறிப்பு’ வரியைத் தேர்ந்தெடுத்து நீக்கச் சொன்னால் முதலாவது நீங்கும். பெயரைத் திறவுகோலாக வைத்து ஒரு டிக்‌ஷனரியில் பாதைகளைச் சேர்த்து வைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம்: ஒரே பெயர் இரண்டாவது முறை வந்தபோதே முதல் பாதை அழிந்திருக்கும்.

எனவே பெட்டியை ஒரு காட்சி என்று மட்டும் கருதுங்கள். தரவின் இருப்பிடம் அது அல்ல. தரவு ஒரு பைத்தான் பட்டியலில் தனியே இருக்கட்டும். பெட்டியில் ஒவ்வொரு வரியும் அந்தப் பட்டியலின் அதே வரிசையில் நுழையட்டும். படிக்கும்போது பெட்டியிடம் வரிசை எண்ணை மட்டும் கேட்டு, அந்த எண்ணைக் கொண்டு தரவுப் பட்டியலிலிருந்து பொருளை எடுக்க வேண்டும். ஒலிப்பு வடிவில் எழுதினால் மொத்த வேலையும் இவ்வளவுதான்:

தேர்வு = பெட்டி.கர்செலெக்‌ஷன்()
இஃப் நாட் தேர்வு:
    ரிட்டர்ன்
கோப்பு = கோப்புகள்[தேர்வு[0]]

இதில் ‘கெட்’ வரவே இல்லை என்பதைப் பாருங்கள். திரையில் காட்டிய உரையைத் திரும்ப வாங்கி, அதை வெட்டிப் பிரித்து, அதற்குள்ளிருந்து அடையாள எண்ணைத் தேடி எடுக்கும் நிரல்கள் ஏராளம். வரியின் தோற்றத்தை மாற்றலாம் என்று ஒருவர் நாளை ஒரு கோடு சேர்த்தாலும் அவை உடைந்துவிடும். எண்ணை மட்டும் கேட்கும் நிரலுக்கு அந்த மாற்றம் தெரியவே தெரியாது. பெயருக்குப் பக்கத்தில் அளவு, தேதி என்று எதைச் சேர்த்தாலும் படிக்கும் பகுதியைத் தொட வேண்டியதில்லை.

இந்த முறைக்கு ஒரே ஒரு நிபந்தனை: பெட்டியும் தரவுப் பட்டியலும் ஒரே வரிசையில் இருந்தாக வேண்டும். அகர வரிசைப்படுத்துவது, தேடல் சொல்லுக்கு ஏற்ப வடிகட்டுவது, நடுவில் ஒரு வரியைச் செருகுவது ஆகிய மூன்றிலும் அந்த ஒழுங்கு குலைய வாய்ப்புண்டு. இரண்டையும் தனித்தனியே திருத்த முயலாதீர்கள். தரவுப் பட்டியலை மட்டும் திருத்திவிட்டு, பெட்டியை முழுவதும் காலி செய்து மீண்டும் நிரப்பும் ஒரே செயற்கூறை வைத்துக்கொள்ளுங்கள். சில ஆயிரம் வரிகள் வரை இந்தச் செலவு பொருட்படுத்தத் தக்கதல்ல. வடிகட்டும்போது முழுப்பட்டியலுக்குப் பக்கத்தில், ‘இப்போது தெரிபவை’ என்று இரண்டாவது பட்டியல் ஒன்று வேண்டும். வரிசை எண் அந்த இரண்டாவது பட்டியலையே சுட்டும். முழுப்பட்டியலைச் சுட்டுவதாக எண்ணிப் படிப்பதுதான் வடிகட்டி உள்ள நிரல்களில் வழக்கமாக நேரும் தவறு. வடிகட்டாதபோது இரண்டும் ஒன்றாகவே இருப்பதால், தேடல் பெட்டி காலியாக இருக்கும் வரை சோதனை அத்தனையும் தேறிவிடும்.

லிஸ்ட்பாக்ஸை ‘லிஸ்ட்வேரியபிள்’ என்ற அமைப்பின் வழியாக ஒரு ‘ஸ்ட்ரிங்வார்’ மாறியுடன் இணைத்திருந்தால், அந்த மாறியிலிருந்தே வரிகளைப் படிக்கலாம் என்று தோன்றும். அந்த மாறி திருப்பித் தருவது பட்டியல் அல்ல. பட்டியலைப்போலத் தோற்றமளிக்கும் ஒரே நீளமான சரம், அடைப்புக்குறிகளும் மேற்கோள் குறிகளும் அதற்குள்ளேயே இருக்கும். அதைப் பிரித்தெடுக்கப் பாடுபட வேண்டாம். பெட்டியிடமே 0 முதல் ‘எண்ட்’ வரை கேளுங்கள்.

பல வரிகள் தேர்வானால்

லிஸ்ட்பாக்ஸின் தேர்வு முறைகள் நான்கு. இயல்பானது ‘ப்ரௌஸ்’: ஒரு வரிதான் தேர்வாகும், சுட்டெலியை இழுத்தால் தேர்வும் கூடவே நகரும். ‘சிங்கிள்’ முறையிலும் ஒரே வரிதான், ஆனால் இழுத்தால் நகராது. ‘மல்டிபிள்’ முறையில் ஒவ்வொரு கிளிக்கும் அந்த வரியைச் சேர்க்கும் அல்லது விலக்கும். கோப்பு மேலாளர்களில் பழகியதுபோல ஷிப்ட், கண்ட்ரோல் விசைகளுடன் தேர்ந்தெடுக்க ‘எக்ஸ்டெண்டட்’. பின்னிரண்டிலும் டியூப்பிளில் பல எண்கள் வரும். ஒரு மடக்கில் (லூப்பில்) ஒவ்வொன்றாக எடுத்துத் தரவுப் பட்டியலில் பார்த்துக்கொள்ளலாம். ‘எக்ஸ்டெண்டட்’ முறையில் பயனர் சுட்டெலியை இழுத்துக்கொண்டே போகும்போது தேர்வு நிகழ்வு பலமுறை எழும் என்பதால், அதனுடன் கட்டிய செயற்கூறு இலகுவாக இருக்க வேண்டும். கோப்பைத் திறந்து படிக்கும் வேலையை அதில் வைக்காதீர்கள்.

படிப்பதோடு நின்றால் இங்கே சிக்கல் இல்லை. படித்த எண்களை வைத்து நீக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெட்டியில் 0 முதல் 4 வரை ஐந்து வரிகள். பயனர் 1, 3 ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்து நீக்கச் சொல்கிறார். முன்னிருந்து தொடங்கி 1-ஐ நீக்கியதும், 3-இல் இருந்தது 2-க்கு ஏறிவிடும். 4-இல் இருந்தது 3-க்கு வந்துவிடும். அடுத்து 3-ஐ நீக்கும்போது போவது பயனர் தொடவே தொடாத கடைசி வரி. எண்களைத் தலைகீழாக்கி 3, 1 என்ற வரிசையில் நீக்கினால் இந்த நகர்வு எதையும் பாதிக்காது. இன்னும் தெளிவான வழி, எண்களைக் கொண்டு தரவுப் பொருள்களை முதலில் ஒரு தனிப் பட்டியலில் சேர்த்துக்கொண்டு, பிறகு அந்தப் பொருள்களைத் தரவிலிருந்து நீக்கிவிட்டுப் பெட்டியை மீண்டும் நிரப்புவது.

க்யூட்டியில்

க்யூட்டியின் ‘க்யூலிஸ்ட்விட்ஜெட்’ இந்தச் சிக்கலை இன்னும் ஒழுங்காக அணுகுகிறது. அதில் ஒவ்வொரு வரியும் தனி ஐட்டம் பொருள். அதன் உரையை ‘டெக்ஸ்ட்’ தரும். அதனுடன் திரையில் தெரியாத வேறொரு மதிப்பையும் சேர்த்து வைக்கலாம்: ‘செட்டேட்டா’ செயற்கூறுக்கு ‘யூசர்ரோல்’ என்ற அடையாளத்தையும் கோப்பின் பாதையையும் கொடுத்துவிட்டால், அதே அடையாளத்தைச் சொல்லி ‘டேட்டா’ என்று கேட்கும்போது பாதை திரும்பக் கிடைக்கும். ‘யூசர்ரோல்’ என்பதன் மதிப்பு 256. அதற்குக் கீழே உள்ள எண்களை உரை, படவுரு, நிறம் போன்றவற்றுக்காகக் க்யூட்டி தனக்கே ஒதுக்கி வைத்திருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட மதிப்புகள் வேண்டுமானால் 257, 258 என்று மேலே செல்லலாம். மதிப்பு ஐட்டத்தோடு ஒட்டியே இருப்பதால் வரிசைப்படுத்தினாலும் இணை பிரியாது. இணைப் பட்டியலைப் பேணும் தலைவலி இங்கே இல்லை.

ஆனால் இங்கே வேறொரு வேறுபாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும்: ‘கரன்ட்’ ஐட்டம் வேறு, ‘செலெக்டட்’ ஐட்டம் வேறு. விசைப்பலகையின் கவனம் நிற்கும் வரி கரன்ட். நிறம் மாறித் தெரிவது செலெக்டட். ஒற்றைத் தேர்வில் இரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால் வேறுபாடு கண்ணில் படாது. பல வரித் தேர்வில் கண்ட்ரோல் விசையுடன் ஒரு வரியை அழுத்தி விலக்கினால், அது தேர்விலிருந்து போய்விடும், கரன்ட் ஐட்டமாக மட்டும் நீடிக்கும். அந்த நிலையில் ‘கரன்ட்ஐட்டம்’ என்று கேட்டு நீக்கினால், பயனர் வேண்டாம் என்று விலக்கிய அதே வரி நீங்கும். பல வரிகளைத் தேர்ந்தெடுக்க அனுமதித்திருந்தால் ‘செலெக்டட்ஐட்டம்ஸ்’ செயற்கூறை மட்டுமே பயன்படுத்துங்கள். அது தரும் பட்டியல் மேலிருந்து கீழாக வரும் என்று எண்ண வேண்டாம். வரிசை முக்கியம் என்றால் ஒவ்வொரு ஐட்டத்தின் வரிசை எண்ணையும் ‘ரோ’ செயற்கூறால் பெற்று நீங்களே அடுக்கிக்கொள்ளுங்கள்.

கரன்ட் ஐட்டம் எதுவும் இல்லாதபோது ‘கரன்ட்ரோ’ -1 தரும். ‘கரன்ட்ஐட்டம்’ பைத்தானில் ‘நன்’ தரும். -1 என்பது பைத்தானில் பட்டியலின் கடைசி உறுப்பைக் குறிக்கும் எண்ணும்கூட என்பதால், சரிபார்க்காமல் அதை இணைப் பட்டியலில் போட்டால் பிழைச் செய்தியே இல்லாமல் கடைசிக் கோப்பு கைக்கு வரும். பிழைச் செய்தி வராத பிழையைக் கண்டுபிடிப்பதுதான் கடினம்.

க்யூட்டி நிகழ்வுகளை அறிவிக்கும் சிக்னல்களில் எதைத் தேர்வது என்பது, எதைப் படிக்கப் போகிறோம் என்பதைப் பொறுத்தது. தேர்வைப் படிக்க ‘ஐட்டம்செலெக்‌ஷன்சேஞ்ட்’. கரன்ட் வரியைப் படிக்க ‘கரன்ட்ஐட்டம்சேஞ்ட்’. இது புதிய ஐட்டம், பழைய ஐட்டம் என்று இரண்டைத் தருகிறது, பெட்டி காலியாகும்போது புதியது வெற்றாக இருக்கும். இந்த இரண்டாவது சிக்னலுக்குள் நின்றுகொண்டு ‘செலெக்டட்ஐட்டம்ஸ்’ என்று கேட்பது தவறு, ஏனெனில் அந்தக் கணத்தில் தேர்வு இன்னும் புதுப்பிக்கப்படாமல் இருக்கலாம். ‘ஐட்டம்கிளிக்ட்’ சுட்டெலியை மட்டுமே அறியும். திறப்பதற்கு ‘ஐட்டம்ஆக்டிவேட்டட்’ பொருத்தமானது. என்டர் விசையும் அந்தந்த இயங்குதளத்தின் கிளிக் வழக்கமும் அதில் அடங்கிவிடும்.

பெட்டியைக் காலி செய்து மீண்டும் நிரப்பும் வேளையில் இந்தச் சிக்னல்கள் எழுந்து, பாதி நிரம்பிய பெட்டியை உங்கள் செயற்கூறு படிக்க நேரலாம். அந்த நேரத்துக்கு ‘பிளாக்சிக்னல்ஸ்’ என்பதால் அடக்கி வைத்து, முடிந்ததும் திறந்துவிட வேண்டும். காலி செய்யும்போது ஐட்டம் பொருள்களும் அழிகின்றன. முன்பு எடுத்த ஐட்டத்தை ஒரு மாறியில் வைத்திருந்து, காலி செய்த பின் அதன் உரையைக் கேட்டால், அடியில் உள்ள சி பிளஸ் பிளஸ் பொருள் அழிக்கப்பட்டுவிட்டது என்று பைத்தானில் பிழை வரும். ஐட்டத்தைக் கையில் வைத்திருக்காதீர்கள். அதிலிருந்து எடுத்த பாதையை வைத்திருங்கள்.

டிக் பெட்டியுடன் வரிகள் இருந்தால், டிக் செய்தவற்றை மட்டும் தரும் தனிச் செயற்கூறு க்யூலிஸ்ட்விட்ஜெட்டில் இல்லை. 0 முதல் ‘கவுண்ட்’டுக்கு ஒன்று குறைவான எண் வரை ஒரு மடக்கை ஓட்டி ஒவ்வொரு ஐட்டத்தின் ‘செக்ஸ்டேட்’ மதிப்பையும் பார்க்க வேண்டும். மறைத்து வைத்த வரிகளும் ‘கவுண்ட்’டில் அடங்கும் என்பதால், தெரிபவை மட்டும் வேண்டுமானால் ‘இஸ்ஹிடன்’ என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

விண்டோஸ் ஃபார்ம்ஸ், ஸ்விங்

விண்டோஸ் ஃபார்ம்ஸின் லிஸ்ட்பாக்ஸில் உரையை மட்டும் சேர்க்க வேண்டியதில்லை, முழுப் பொருளையே சேர்க்கலாம். ‘டிஸ்ப்ளேமெம்பர்’ என்று சொன்ன பண்பு திரையில் தெரியும். ‘செலெக்டட்ஐட்டம்’ அந்தப் பொருளையே திருப்பித் தருகிறது, எதுவும் தேர்வாகவில்லை என்றால் ‘நல்’. ‘செலெக்டட்இன்டெக்ஸ்’ அப்போது -1. தரவு மூலத்துடன் இணைத்து ‘செலெக்டட்வேல்யூ’ படிப்பவர்கள், ‘வேல்யூமெம்பர்’ அமைப்பை முதலில் எழுதிவிட்டு அதன் பிறகே ‘டேட்டாசோர்ஸ்’ அமைப்பை எழுத வேண்டும். இணைக்கும் கணத்திலேயே தேர்வு மாறிய நிகழ்வு எழுந்துவிடுவதால், வரிசை மாறினால் அடையாள எண்ணுக்குப் பதில் முழு வரிப்பொருள் கைக்கு வந்து, எண்ணாக மாற்றும் இடத்தில் நிரல் தடுக்கி விழும். ‘செலெக்டட்ஐட்டம்ஸ்’ தொகுப்பின் மீது மடக்கை ஓட்டிக்கொண்டே அதே பெட்டியிலிருந்து நீக்கினால், தொகுப்பு மாறிவிட்டது என்று பிழை எழும். முதலில் நகல் எடுத்துக்கொண்டு நகலின் மீது ஓட்ட வேண்டும்.

அதே குடும்பத்தைச் சேர்ந்த ‘செக்ட்லிஸ்ட்பாக்ஸ்’ நேரக் கேள்வியில் தனி வழி போகிறது. அதன் ‘ஐட்டம்செக்’ நிகழ்வு டிக் மாறுவதற்கு முன்பே எழுகிறது. அதற்குள் ‘செக்ட்ஐட்டம்ஸ்’ எண்ணிக்கையைக் கேட்டால் பழைய எண்ணிக்கைதான் கிடைக்கும். நிகழ்வோடு வரும் ‘நியூவேல்யூ’ என்ற மதிப்பைப் பார்த்து நாமே ஒன்றைக் கூட்டவோ கழிக்கவோ வேண்டும். அல்லது ‘பிகின்இன்வோக்’ வழியாகப் படிக்கும் வேலையை நிகழ்வு முடிந்த பிறகு தள்ளிவைக்க வேண்டும்.

ஸ்விங்கின் ‘ஜேலிஸ்ட்’ ஒரு கிளிக்குக்கு இரண்டு முறை செய்தி சொல்கிறது என்று தோன்றும். அழுத்தும்போதும் இழுக்கும்போதும் வரும் செய்திகளில் ‘கெட்வேல்யூஇஸ்அட்ஜஸ்டிங்’ உண்மை என்று இருக்கும். பொத்தானை விட்டதும் வரும் கடைசிச் செய்தியில் பொய் என்று இருக்கும். அது பொய்யாகும்போது மட்டும் படித்தால் இரட்டிப்பு நீங்கும். ‘கெட்செலெக்டட்வேல்யூ’ உரையை அல்ல, பொருளைத் தருகிறது. அனைத்தையும் படிக்க வேண்டுமானால் விட்ஜெட்டை விட்டுவிட்டு, அதன் தரவை வைத்திருக்கும் மாடலிடம் கேட்க வேண்டும்.

நீண்ட வேலைக்குக் கொடுக்கும்போது

தேர்ந்தெடுத்த கோப்புகளை நகலெடுப்பது போன்ற நேரம் பிடிக்கும் வேலையைத் தனித் திரெட்டில் (நிரலுக்குள் இணையாக ஓடும் தனிச் செயலோட்டத்தில்) ஓட்டும்போது, அந்தத் திரெட்டுக்குள்ளிருந்து பட்டியல் விட்ஜெட்டைத் தொடக் கூடாது. மேலே சொன்ன நான்கு கருவிப் பெட்டிகளும் விட்ஜெட்டுகளைச் சாளரத்தின் சொந்தத் திரெட்டிலிருந்து மட்டுமே தொட வேண்டும் என்று கோருகின்றன. மீறினால் சில வேளை ஒன்றும் ஆகாது, சில வேளை நிரல் அப்படியே உறையும். பொத்தானை அழுத்திய கணத்திலேயே, சாளரத்தின் திரெட்டில் நின்று, தேவையான பாதைகள் அனைத்தையும் படித்து ஒரு சாதாரணப் பட்டியலாக நகலெடுத்து, அந்த நகலை மட்டும் வேலைத் திரெட்டுக்குக் கொடுங்கள். வேலை நடக்கும்போது பயனர் தேர்வை மாற்றினாலும் நகல் மாறாது.

எழுதி முடித்த பின் சோதிக்கும்போது, வேலை செய்யும் என்று தெரிந்த வழியிலேயே திரும்பத் திரும்பப் போகாதீர்கள். வெற்றுப் பெட்டியுடன் ஒவ்வொரு பொத்தானையும் அழுத்துங்கள். ஒரே பெயரில் இரண்டு வரிகளைச் சேர்த்து இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். தேடல் பெட்டியில் ஏதேனும் எழுதி வடிகட்டிய பின் கடைசி வரியைத் திறந்து பாருங்கள். சுட்டெலியைத் தொடாமல் அம்பு விசைகளால் மட்டும் நகருங்கள். ஒரு வரியைத் தேர்ந்தெடுத்துவிட்டு வேறொரு உரைப்பெட்டியில் எழுத்துகளைத் தேர்ந்தெடுத்துத் திரும்பி வாருங்கள். ஒவ்வொரு முறையும் வரிசை எண்ணையும் அதற்கு உரிய முழுப்பாதையையும் முனையத்தில் அச்சிடும் ஒரு வரியை நிரலில் தற்காலிகமாக வைத்திருந்தால், இரண்டும் எந்த இடத்தில் பிரிகின்றன என்பது உடனே தெரிந்துவிடும். ‘நீக்கு’ பொத்தான் உண்மையில் எதையும் நீக்காமல், நீக்கவிருக்கும் பாதையை மட்டும் அச்சிடும்படி இந்தச் சோதனைகள் முடியும் வரை வைத்திருங்கள்.